சிந்தில் நாய்ஸ் வரலையா? கேள்வி பதில்

பழைய அனலாக் சிந்தசைசரில் (மின்சுற்றாலேயே ஒலி உண்டாக்கும் கீபோர்டு, சுருக்கமாக சிந்த்) ‘உஸ்’ என்ற இரைச்சலைத் தரும் நாய்ஸ் சர்க்யூட் பற்றி கன்னியாகுமரி மாவட்டத்து நண்பர்கள் கேட்டவை; கேட்டவரின் ஊர் முதலில். பதில் சொல்பவர் நாகர்கோவிலில் கீபோர்டு பழுதுபார்க்கும் அண்ணன்.

குளச்சல்: அண்ணே, ஜப்பான் சிந்த். மத்த சத்தமெல்லாம் நல்லா வருது. நாய்ஸ் ஸ்லைடரை முழுசா ஏத்தினாலும் ஒண்ணும் இல்ல. டிரான்சிஸ்டரை மாத்திரட்டா?

சால்டரிங் அயர்ன் அங்கயே கிடக்கட்டும் தம்பி, முதல்ல மீட்டரை எடுங்க. டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர்னு மூணு கால். அதுல கலெக்டர் கால் எங்கயும் சேராம சும்மா நிக்கிற டிரான்சிஸ்டர் ஒண்ணு இருக்கும், அதான் ஆளு. எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவுல தலைகீழா வோல்டேஜ் குடுத்து, பிரேக்டவுன் ஆக, அதாவது தடையை மீறிக் கரண்ட் பாய விட்டிருப்பாங்க. அதுல வர்ற இரைச்சலைத்தான் அடுத்த ஸ்டேஜ் பெருக்குது. பேஸ் கிரவுண்டுல இருந்தா, எமிட்டர்ல 7, 8 வோல்ட் பக்கம் காட்டணும். காட்டினா டிரான்சிஸ்டரை விட்டுட்டு சத்தத்தை அடுத்த ஸ்டேஜுக்குக் கடத்துற கப்ளிங் கண்டன்சரைப் பாருங்க. இந்த வயசுல எலக்ட்ரோலிட்டிக் (உள்ள திரவம் உள்ள கண்டன்சர்) காய்ஞ்சிருக்கும். சப்ளை 15 வோல்ட் அப்படியே நின்னா டிரான்சிஸ்டர் ஓப்பன், அதாவது உள்ள அறுந்திருக்கு. 0 காட்டினா ஷார்ட், இல்லேன்னா சப்ளையே வரல.

மார்த்தாண்டம்: அதே கேஸ்தான். பழைய 2எஸ்சி828 டிரான்சிஸ்டரை எடுத்துட்டு பிசி547 போட்டேன். இப்பவும் 15 வோல்ட் நிக்குது.

கால் வரிசை வேற. 828 எமிட்டர், கலெக்டர், பேஸ். 547 கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே ஓட்டையில அப்படியே சொருகினா பேஸ் அந்தரத்துல தொங்கும், கரண்ட் ஓடாது. காலை வளைச்சு மாத்திப் போடுங்க. பத்து இருபது வாங்கி, சாக்கெட்டுல ஒவ்வொண்ணா வச்சுக் காதால கேளுங்க. படபடன்னு வெடிக்கிறதைத் தள்ளிருங்க, நிரவலா ‘உஸ்’ஸுன்னு வர்றதை வைங்க. சிந்த் செய்யிற ரோலண்ட் கம்பெனிக்காரனே இதுக்குன்னு சத்தம் கூடின 828-ஐப் பொறுக்கித்தான் போட்டான். மத்த சர்க்யூட்டுக்கு ஆகாததுக்கு இங்க மவுசு!

தக்கலை: என் நாய்ஸ் ஒண்ணு ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப வர்ற மாதிரி கேக்குது.

எம்எம்5837 ஐசி உண்டான்னு பாருங்க. அது நாய்ஸுக்குன்னே உள்ள டிஜிட்டல் ஐசி. உள்ள 17 பிட் ஷிப்ட் ரெஜிஸ்டர், அதாவது 0, 1-ஐ வரிசையா நகர்த்துற சர்க்யூட். 1,31,071 படி முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து ஓடும். கோளாறு இல்ல, சுபாவம்.

முட்டம்: ஸ்லைடரைத் தொட்டா கரகரங்குது.

உப்புக்காத்து. காண்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது தடவை ஏத்தி இறக்குங்க. தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தவங்க இருக்காங்க. அது தூசியைப் பிடிச்சு வைக்கும்.

இரணியல்: 9 வோல்ட் பேட்டரியில சொந்தமா நாய்ஸ் போர்டு செஞ்சேன். ரெண்டு நாள்ல நின்னுட்டு.

பேட்டரி இறங்கினதும் பிரேக்டவுனுக்கு வோல்டேஜ் பத்தல. 12 குடுங்க. ஆனா அடாப்டர் ரிப்பிள் (வோல்டேஜ் ஏறி இறங்குற அலை) இல்லாததா இருக்கணும், இல்லேன்னா ‘உஸ்’ஸோட ‘ம்ம்’மும் சேர்ந்து வரும்.