பொதி பெரிது, மருந்து சிறிது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மருமகனுக்குத் தீராத முதுகுவலி. ரொறன்ரோவில் மருத்துவர் கொடுத்த பத்திரத்தைக் காட்டி, சட்டப்படி கஞ்சா மருந்தைத் தபாலில் எடுக்கிறார். மூன்றரை கிராம் காய்ந்த பூவுக்கு உள்ளங்கை அளவு டப்பா, அதற்கு ஒரு கடதாசிப் பெட்டி, அதற்கு மேல் தபால் பெட்டி. மகள் டப்பாக்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள். மூடி நல்ல இறுக்கமாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மிளகாய்த்தூள் போட்டு வைக்கக் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாள்.
- வாசகி, தலவாக்கலை

பதில்: கொண்டு வர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெறும் டப்பா என்றாலும் அடியில் தூளும் பிசினும் ஒட்டியிருக்கும், கழுவினாலும் வாசம் லேசில் போகாது. இலங்கையில் ஆயுர்வேத மருந்துத் தயாரிப்பு போன்ற அனுமதி பெற்ற தேவைகளுக்கு மட்டுமே கஞ்சாவுக்குச் சட்டத்தில் இடமுண்டு. மற்றபடி வைத்திருப்பது குற்றம், கனடா மருத்துவரின் பத்திரம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் செல்லாது. மருந்து இருந்த டப்பாவில் மிளகாய்த்தூள் போடும் பழக்கமும் வேண்டாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் எது உணவு, எது மருந்து என்ற பேதம் டப்பாவிலேயே தெரிய வேண்டும்.

பொதி ஏன் இவ்வளவு பெரிது? கனடாவில் 2018 ஒக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் பிள்ளைகளால் திறக்க முடியாத மூடியையும், யாராவது திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒட்டு முத்திரையையும் கேட்கிறது. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை, கஞ்சா இருப்பதைக் காட்டும் சிவப்பு அடையாளச் சின்னம், வரி முத்திரை எல்லாம் வாசிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். இத்தனைக்கும் இடம் தேடியே டப்பா பெருக்கிறது. உண்ணும் வகையில் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம்தான் உச்ச அளவு, ஆகவே அளவு கூடக் கூடப் பொதியும் கூடும். பிள்ளைப் பாதுகாப்பு மூடியை நாங்கள் குறை சொல்ல மாட்டோம், அது உயிர் காக்கும் பாகம். அதைச் சுற்றியுள்ளதைத்தான் குறைக்க வேண்டும்.

மருமகன் செய்யக்கூடியது இது. மருத்துவர் எழுதிய அளவுக்குள், மூன்றரை கிராம் டப்பா எட்டுக்குப் பதிலாக 28 கிராம் டப்பா ஒன்று எடுத்தால் ஏழு டப்பா மிச்சம். ஆனால் திறந்து வைத்த பூ நாளாக நாளாக உலர்ந்து தூளாகும், மெதுவாகப் பயன்படுத்துபவருக்கு இது சரிவராது. எண்ணெயாக எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் ஒரே கண்ணாடிப் போத்தல் பல நாளுக்கு வரும். எதுவானாலும் பூட்டுள்ள இடத்தில் இருக்கட்டும்.

சேர்ந்துவிட்ட டப்பாக்களில் பெட்டியைக் கடதாசியோடு போடலாம். ஈரப்பதம் காக்கும் சின்னப் பை குப்பைக்கு. டப்பாவை மீள்சுழற்சிக்குப் போடுமுன் துடைத்து லேபலை உரிக்க வேண்டும். மீள்சுழற்சி ஆலைகளில் ஏறக்குறைய 5 சென்டிமீற்றருக்குக் குறைந்த துண்டுகள் சல்லடையில் விழுந்துவிடும். கறுப்பு டப்பா பெரிதாக இருந்தாலும் பயனில்லை, கரிச்சாயம் ஒளியை விழுங்குவதால் தரம்பிரிக்கும் இயந்திரத்துக்கு அது தெரியாது. அதனால் வெள்ளை டப்பாவில் வரும் சரக்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெற்று டப்பாவைத் திரும்ப எடுக்கும் கடைகளும் அங்கே உண்டு, விசாரிக்கச் சொல்லுங்கள். கஞ்சாவை ஆவியாக இழுக்கும், மின்கலம் உள்ள குழாயை மட்டும் எந்தக் குப்பையிலும் போடக் கூடாது. லிதியம் மின்கலம் நசுங்கினால் குப்பை வண்டியே பற்றும், அதற்கென்று உள்ள மின்கலச் சேகரிப்பு இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் லயத்தில் மாத்திரை அட்டை, மருந்துப் பை எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள். மிஞ்சியது கானில் போகிறது. வேறு வழி உண்டா?
- வாசகர், நானுஓயா

பதில்: அடுப்பில் போடவே கூடாது. மாத்திரை அட்டையின் குமிழ்ப் பக்கம் பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட், டயொக்சின் என்ற நச்சுகள் வரும். அடைத்த காம்பராவில் அந்தப் புகையை முதலில் இழுப்பது அடுப்படியில் நிற்கும் அம்மாவும் இடுப்பில் இருக்கும் பிள்ளையும்தான். திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதும் 2017 செப்டெம்பர் முதல் தடை. கானில் போட்டால் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கு, அங்கிருந்து மகாவலிக்கு.

மாத்திரை அட்டையில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் பழைய சாமான் எடுப்பவர் வாங்க மாட்டார். அதைத் தனியாக ஒரு பேணியில் சேர்த்து, பிரதேச சபை வண்டி வரும் நாளில் கொடுங்கள். மாத்திரை வாங்கும்போதே, அட்டை இல்லாமல் எண்ணிக் கடதாசி உறையில் தர முடியுமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். ஆனால் ஈரம் இழுக்கும் மாத்திரைக்கு அட்டைதான் சரி, அதை மருந்தாளரே சொல்வார். மீந்துபோன மாத்திரையைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம்.

கேள்வி: மக்கும் பை என்று போட்டிருந்த பையை வீட்டுத் தோட்டத்தில் புதைத்தேன். ஒரு வருடமாகியும் அப்படியே இருக்கிறது.
- வாசகி, நுவரெலியா

பதில்: உங்கள் பை சோள மாவில் செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்காக இருக்கலாம். அது மக்க, ஏறக்குறைய 60 பாகை சூடு வாரக்கணக்கில் வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை, உங்கள் குழியில் அது மக்காது. தோண்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள். மறுபடி துணிப் பைதான்.

கேள்வி: பண்டாரவளையில் சிறு ஆயுர்வேத மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அரிஷ்டம் என்ற திரவ மருந்து வந்த போத்தலைத் திரும்ப எடுத்துச் சூரணம் (மருந்துத் தூள்) நிரப்பிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். போன முறை கட்டி பிடித்துப் பூஞ்சணம் வந்துவிட்டது.
- கடைக்காரர்

பதில்: குற்றம் சூரணத்தில் இல்லை, போத்தல் காயவில்லை. அகலமான வாயுள்ள கண்ணாடிப் போத்தலாகப் பாருங்கள், ஒடுங்கிய அரிஷ்டப் போத்தலில் தூள் அடைக்கும், உள்ளே கழுவும் தும்பும் நுழையாது. முதலில் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். குளிர்ந்த காலையில் கொதிநீரை நேரே ஊற்றினால் அடி வட்டமாகப் பிளந்து கழன்றுவிடும். பிறகு ஒரு லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, அரை மணி நேரம். லேபலின் பசை போகாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கலாம். பல தடவை அலசி, சூடு மெல்ல ஏற்றி, கடைசியில் பத்து நிமிடம் கொதிநீரில் வைத்து எடுங்கள்.

காயவைப்பதுதான் மலையகத்தில் பெரும் பாடு. மூடுபனி நாளில் போத்தலைக் கவிழ்த்து வைத்தாலும் தோளின் உட்புறத்தில் ஈரம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. வெயில் இல்லாவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் வாய் மேலே இருக்க ஒரு நாள் வையுங்கள். பிறகு மூடி இறுக்கி இரவு முழுதும் வெளியே குளிரில் விடுங்கள். காலையில் கண்ணாடிக்குள்ளே வியர்த்திருந்தால் மறுபடி காய வேண்டும். வியர்க்காத போத்தலில் மட்டும் நிரப்புங்கள்.

மூடியை மட்டும் எப்போதும் புதிதாகப் போடுங்கள், பழைய மூடியின் உள் அட்டை ஈரத்தை வைத்திருக்கும். நிரப்பிய தேதியும் மருந்தின் பெயரும் புது லேபலில் வர வேண்டும். ஒரு மருந்து இருந்த போத்தலை அதே மருந்துக்கே திருப்புங்கள். போத்தலுக்கென்று ஒரு சிறு தொகையைப் பிடித்து வைத்து, திரும்பத் தரும்போது கொடுத்துவிட்டால் வெறும் போத்தல் தானாக வந்து சேரும். அந்தத் தொகையை லேபலிலேயே எழுதிவிடுங்கள், பிறகு கணக்கில் தகராறு வராது.