பண்டிகை விடுமுறைகளை நீக்கிவிட்டு, விரும்பிய நாளில் விடுப்பு கொடுத்தால் என்ன?

கேள்வி இதுதான்: மதப் பண்டிகைகளுக்கான பொது விடுமுறைகளை எல்லாம் ரத்து செய்துவிட்டு, அத்தனை நாட்களையும் அவரவர் விரும்பும்போது எடுத்துக்கொள்ளும் விடுப்பாகக் கொடுத்துவிட்டால் என்ன? எல்லா மதத்தாருக்கும், மதம் இல்லாதவர்களுக்கும் அதுதானே நியாயம்?

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து வேலை செய்யும் ஒரு குழுவுக்கு ஆண்டுதோறும் விடுமுறைப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. தன் பண்டிகை பட்டியலில் இல்லை என்பது ஒருவரை எவ்வளவு வருத்தும் என்பதை நேரில் பார்க்கிறேன். ஆனாலும் இந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கு மிக நெருக்கமான ஒன்றை ஒரு பெரிய நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது.

1929-ல் சோவியத் ஒன்றியம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் கைவிட்டது. தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓய்வு வெவ்வேறு நாளில் வரும். இயந்திரங்கள் ஒருநாள்கூட நிற்கக் கூடாது என்பது ஒரு நோக்கம். தேவாலயத்துக்குப் போகும் வழக்கத்தை உடைப்பது இன்னொன்று. மே தினம், புரட்சி நாள் போன்ற மிகச் சில நாட்கள்தான் எல்லோருக்கும் பொது.

கணக்குப்படி பார்த்தால் ஓய்வு கூடியிருந்தது. முன்பு ஏழு நாளுக்கு ஒன்று, இப்போது ஐந்து நாளுக்கு ஒன்று. ஆனாலும் மக்கள் வெறுத்தார்கள். கணவனுக்கு ஓய்வு இருக்கும் நாளில் மனைவி ஆலையில் இருப்பாள், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். நண்பர்களைப் பார்க்கப் போக முடியாது. வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு எதற்கு விடுமுறை என்று கேட்டார்கள். 1931 இறுதியிலேயே அரசு பின்வாங்கி, ஆறு நாள் வாரமும் எல்லோருக்கும் ஒரே ஓய்வு நாளும் கொண்டுவந்தது. கிராமங்களில் பெரும்பாலும் ஞாயிறுதான் நடைமுறையில் இருந்தது. 1940-ல் ஏழு நாள் வாரமே திரும்பி வந்தது.

'அங்கே அரசு நாளைத் திணித்தது, நான் சொல்வது விருப்பம்' என்று நீங்கள் சொல்லலாம். சரி, வேறுபாடு உண்டு. ஆனால் விருப்ப விடுப்பு என்றால் கேட்டு வாங்க வேண்டும். மேலதிகாரியிடம் தயங்காமல் கேட்கக்கூடியவருக்குக் கிடைத்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர், தினக்கூலி, கடையில் நிற்பவர் ஆகியோரிடம் 'அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளேன்' என்று சொல்லிவிடுவார்கள். பொது விடுமுறை இருந்தால், பல வேலைகளில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பலம் குறைந்தவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், எது மத விடுமுறை, எது மதச்சார்பற்றது என்று கோடு போடுவது நினைப்பதுபோல் எளிதல்ல. அரசையும் மதத்தையும் கறாராகப் பிரித்து வைத்திருக்கும் பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாடு முழுவதற்குமான 11 பொது விடுமுறைகளில் ஆறு கிறிஸ்தவத் திருநாட்கள். அந்த நாளில் தேவாலயத்துக்குப் போகாதவர்களும் குடும்பத்தோடு இருக்கிறார்கள், பயணம் போகிறார்கள். இதற்கு நேர் எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 1647-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கே தடை போட்டது. போட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர், தீவிர பக்தி கொண்ட பியூரிட்டன்கள். ஸ்காட்லாந்தில் 1958 வரை கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாகவே இல்லை, புத்தாண்டுதான் அங்கே பெரிய கொண்டாட்டம்.

மே தினம் இதைவிட எனக்குப் பிடித்த கதை. எட்டு மணி நேர வேலைக்காக 1886 மே 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களில் சிகாகோவில் ரத்தம் சிந்தப்பட்டது. 1889-ல் பாரீஸில் கூடிய சோசலிஸ்டுகள் மே 1-ஐ உலகத் தொழிலாளர் நாளாக்கத் தீர்மானித்தார்கள். 1955-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதே நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான அவர் தச்சர் அல்லவா! ஆக, போராட்டத்தில் பிறந்த நாளுக்கு மதத்திலும் ஓர் இடம் கிடைத்தது. ஈரானிலும் மத்திய ஆசியாவிலும் வசந்த சம இரவு நாளில் வரும் நவ்ரோஸ் புத்தாண்டு, ஈரானின் பழைய மதமான ஜொராஸ்டிரிய மரபோடு வளர்ந்தது. இன்று அதைக் கொண்டாடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பார்சிகளும் பஹாய்களும் கொண்டாடுகிறார்கள், எந்த நம்பிக்கையும் இல்லாதவர்களும் கொண்டாடுகிறார்கள். இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஆதங்கம் உண்மையானது. பெரும்பான்மையின் பண்டிகை தானாக விடுமுறையாகிறது, சிறுபான்மையினர் சொந்த விடுப்பைச் செலவழிக்கிறார்கள். அதற்குத் தீர்வு, இருப்பதைக் கலைப்பதைவிடச் சேர்ப்பதுதான் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரின் 11 பொது விடுமுறைகளில் சீனப் புத்தாண்டு, இரண்டு ஈத் பெருநாட்கள், புனித வெள்ளி, பௌத்தர்களின் வெசாக், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் உண்டு. இந்தப் பண்டிகைகளுக்கெல்லாம் எல்லோருக்கும் விடுமுறை. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகள் 2015-ல் இரண்டு ஈத் நாட்களையும், பிறகு சந்திரப் புத்தாண்டையும் தீபாவளியையும் சேர்த்துக்கொண்டன. இந்திய மத்திய அரசு ஊழியர்களுக்குப் பொது விடுமுறைகளோடு, தனியான ஒரு பட்டியலிலிருந்து இரண்டு நாட்களைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. 'ஆர்.எச்.' என்று சொல்வார்களே, அதுதான். நீங்கள் கேட்கும் விருப்ப விடுப்பு, பொது விடுமுறைக்கு மேல் கூடுதலாக வரும்போது நன்றாகவே வேலை செய்கிறது.

இதில் நடைமுறைச் சிக்கல், தேதிகள் நகர்வது. இஸ்லாமிய ஆண்டு சுமார் 354 நாள், அதனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும். 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு ரமலான்கள் தொடங்கும். பிறை பார்த்து அறிவிக்கும் நாடுகளில் ரமலான் முடிந்து வரும் பெருநாள் எது என்பது முந்தைய இரவுதான் உறுதியாகும். ஈஸ்டரும் ஆண்டுக்கு ஆண்டு முன்னும் பின்னும் நகரும். 2024-ல் மேற்கத்திய சபைகள் மார்ச் 31 அன்றும், ஆர்த்தடாக்ஸ் சபைகள் மே 5 அன்றும் கொண்டாடின. அடுத்த ஆண்டே இரண்டும் ஏப்ரல் 20-ல் சேர்ந்து வந்தன. யூதப் பண்டிகைகள் முந்தைய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். ஆகவே அன்று மாலைக் கூட்டத்துக்கு அழைத்தாலே அவர்கள் பண்டிகையில் கைவைத்ததாகிவிடும்.

பட்டியல் போடும் இடத்தில் நீங்களும் இருந்தால், என் வழக்கத்தைச் சொல்கிறேன். பொது விடுமுறைகளில் கை வைப்பதில்லை. அவற்றுக்கு மேல் காரணம் கேட்காத விருப்ப நாட்கள் சில. ஈத் என்று நினைக்கும் நாளையும் அதன் மறுநாளையும் சேர்த்தே காலியாக வைப்பேன். தேர்வு, நேர்காணல், முக்கியக் கூட்டம் எதையும் யாருடைய பெரிய பண்டிகையிலும் வைப்பதில்லை. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாள்கூடக் கூடுதல் விடுப்பு தேவைப்படாது, ஆனால் என் குழுவில் அதிகம் பேர் நன்றி சொன்னது அதற்குத்தான்.