பை நிறைய உடைந்த எலும்பு: ஆடா, மீனா?

கேள்வி: அகழாய்வுக் குழி ஒன்றில் உடைந்த எலும்புகள் நிறையக் கிடைத்தன. பெரும்பாலும் ஆடு போலத் தெரிகிறது. சில வட்டத் துண்டுகளும் உண்டு, அவை மீனா? கையில் லென்ஸும் காலிப்பரும்தான் இருக்கின்றன.

பதில்: எந்த விலங்கு என்பதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். எந்த எலும்பு, எந்த முனை, இடதா வலதா என்பதுதான் முதல் வேலை. மூட்டு முனையும் பல்லும் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். நடுத்தண்டுச் சில்லு பெரும்பாலும் வாய் திறக்காது. அதை 'ஆட்டளவுப் பாலூட்டி' என்று எழுதித் தனியே எண்ணுங்கள், வீசிவிட வேண்டாம்.

வட்டத் துண்டின் இரு முகங்களும் கிண்ணமாகக் குழிந்து, உள்ளே வளையக் கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் மீனின் முள்ளெலும்புதான். ஒரு முகம் சொரசொரப்பாக, தகடு போல மெல்லியதாக இருந்தால் உஷார்: இளம் பாலூட்டியின் முள்ளெலும்பிலிருந்து கழன்ற மூடியாக இருக்கலாம். எந்த மீன் என்று கேட்டால் தாடை எலும்பும் செவிக்கல்லும் (மீனின் உட்காதில் இருக்கும் சிறு கல்) தான் அதிகம் உதவும். ஒன்று கேட்கிறேன்: மண்ணைச் சலித்தீர்களா? கையால் பொறுக்கினால் பெரிய மீன்தான் அகப்படும். 2 மி.மீ. சல்லடையில் சலிக்காமல் 'சிறு மீன் இல்லை' என்று எழுதக் கூடாது.

அப்புறம் செம்மறியா, வெள்ளாடா? இதுதான் தலைவலி. முன்னங்காலில் விரல் எலும்புகளுக்கு மேலுள்ள நீள எலும்பை எடுங்கள். அதன் கீழ்முனையில் இரண்டு உருளைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு. மேட்டுக்கு வெளிப்பக்கம் உள்ள பகுதி வெள்ளாட்டில் நன்றாகச் சிறுத்துவிடும். செம்மறியில் அவ்வளவு இறங்காது. 1960களில் ஜெர்மன் விலங்கெலும்பு ஆய்வாளர் போஸ்நெக் தந்த அளவுப்படி, வெளிப்பகுதியின் தடிப்பு மேட்டின் தடிப்பில் 63 சதவீதத்துக்குக் கீழே போனால் வெள்ளாடு. வளர்ந்த விலங்குக்குத்தான் இதை நம்பலாம். சிறிய மான் வகைகளும் குறுக்கே வரும், இனம் தெரிந்த எலும்புகளின் ஒப்பீட்டுத் தொகுப்போடு வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். தெளிவில்லையா, 'செம்மறி/வெள்ளாடு' என்றே பதியுங்கள். வலிந்து ஒரு பெயர் சூட்டுவதைவிட அதுவே நல்ல பதிவு.

மிக முக்கியமான துண்டென்றால் கொலாஜன் புரதச் சோதனைக்கு அனுப்பலாம். செம்மறியையும் வெள்ளாட்டையும் அது பிரித்துச் சொல்லும். சாம்பல் வெள்ளையாக எரிந்த துண்டை அனுப்ப வேண்டாம், அதில் கொலாஜன் மிஞ்சியிருக்காது. அனுப்ப நினைக்கும் துண்டில் பசையும் பூச்சும் படக் கூடாது. நிழலில் உலர்த்தி, குழி எண்ணும் மண்ணடுக்கு எண்ணும் எழுதிய சீட்டோடு தனிப் பையில் போடுங்கள்.