113 ரூபாய் எங்கே போகிறது?

கேள்வி: வயது 38, பி.காம். புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 6 வருடம் கணக்கு எழுதினேன். சம்பளம் 15,000, மாதம் 113 ரூபாய் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) என்று பிடிப்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஆள் குறைப்பு என்று நிறுத்திவிட்டார்கள். 'நானே விலகிக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் ஏதாவது பார்த்துச் செய்வதாக முதலாளி சொல்கிறார். சிவகங்கை போய் வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்கலாமா? 'சர்க்காரிடம் கையேந்தவா பெண் கொடுத்தேன்' என்கிறார் மாமனார்.
(பெயர் வேண்டாம், புதுவயல்)

பதில்: கேட்கலாம். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தருவது வேலை போனவருக்கான பணமல்ல, பதிந்துவிட்டுக் காத்திருப்பவருக்கான பணம். பதிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். இடையில் புதுப்பிக்காமல் விட்டிருக்கக் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. வயது 40-க்குள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 45. எல்லாம் பொருந்தினால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், 3 வருடத்துக்கு. ஆலை வேலை கிடைத்ததும் அந்தப் பதிவை மறந்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஆச்சரியம் வேறு. ஆறு வருடம் ஊரார் நெல்லுக்கும் தவிட்டுக்கும் பைசா பிசகாமல் கணக்கு எழுதியவர், தன் சம்பளத்தில் பிடித்த 113 ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை! மருந்து மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? உங்கள் பெயரில் ஆலையும் மாதம் 488 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். வேலை போனால் கொடுப்பதும் அந்த ஈ.எஸ்.ஐ.யில்தான் இருக்கிறது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். (பெயரைப் பார்த்தே நம் ஆட்கள் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.) 2018-இல் வந்தபோது சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு, 2020-இல் பாதியாக்கினார்கள். வேலை போய் 30 நாள் ஆனதும் கேட்கலாம். 90 நாள் வரை தருவார்கள், ஆயுளில் ஒரே முறை. உங்கள் சம்பளத்துக்கு மொத்தம் 22,000-ஐ ஒட்டி வரும். அந்த 600-ஐ மூன்று வருடம் வாங்கினாலும் 21,600 தான். காலம் நீட்டித்து நீட்டித்து ஓடும் திட்டம், தள்ளிப்போடாதீர்கள்.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அதைத்தான் உங்கள் முதலாளி ஒரு வரியில் எழுதி வாங்கப் பார்க்கிறார். ஆள் குறைப்பிலோ ஆலை மூடியோ வேலை போனவருக்கு, குறைந்தது 2 வருடம் ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டியிருந்தால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில் 24 மாதம் வரை பணம் வரும்: முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் பங்கு. முந்தியதும் இதுவும் சேர்ந்து கிடைக்காது. ஆலையிலிருந்து வர வேண்டிய நஷ்டஈடு தனி, ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம் வீதம். 'நானே விலகிக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டால் அது ஆள் குறைப்பே இல்லை என்றாகிவிடும். அவர் 'பார்த்துச் செய்வது' எவ்வளவு என்று சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், இந்தப் பக்கத்து ஆட்கள் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பலேறினார்கள். இன்ன சம்பளம், இத்தனை வருடம் என்று எல்லாம் எழுத்தில். நீங்களும் எழுத்தில் கேளுங்கள்: ஆள் குறைப்பினால் நிறுத்தினோம் என்ற உத்தரவு, தேதி போட்டு, ஸ்பீடு போஸ்ட்டில். கையெழுத்து எதிலும் போடாதீர்கள். அப்புறம் காப்பீட்டு எண், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு உங்கள் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள்.

மாமனாருக்கு: மாப்பிள்ளை கேட்பது தன் சந்தாவில் வந்த பணம். மருமகன் வண்டிக்கு இன்சூரன்ஸ் வாங்கினால் கையேந்துகிறான் என்பாரா?

போகும் முன் ஒன்று. ஈ.எஸ்.ஐ. கணக்கில் உங்களை நிறுத்திய தேதியும் காரணமும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆலையில் இப்போது உங்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, அவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.