ஐந்து மில்லிமீட்டர் முடிச்சுக்கு ஓராண்டு காத்திருக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. பர்கூர் அருகே கிரானைட் பட்டறையில் பல்லாண்டுகள் கல் அறுத்தவர். பீடிப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலில் 5 மி.மீ. முடிச்சு இருப்பதாகக் கூறி, ஓராண்டு கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். உடனே சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: புற்றுநோயாக இருக்குமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானதே, ஆயினும், மருத்துவர் சொன்ன காத்திருப்பு அலட்சியம் அன்று, அது பரிசோதனையின் ஒரு பகுதி. எக்ஸ்ரேயில் விலா எலும்பும் இதயமும் நுரையீரலின் மேல் படிந்து தெரிவதால், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான முடிச்சுகள் (நுரையீரலில் புள்ளிபோலத் தெரியும் சிறு திரட்சிகள்) பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. சி.டி. ஸ்கேன் நெஞ்சை மெல்லிய அடுக்குகளாகப் படமெடுப்பதால் அவற்றைக் காட்டிவிடுகிறது. ஆனால் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பழைய காசநோயோ வேறு தொற்றோ விட்டுச்சென்ற தழும்புகளே. அதிகமாகப் புகைப்பிடிப்போரும் முன்பு அவ்வாறு புகைத்தோருமான 53,000-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 விழுக்காடு குறைத்தது. அதே ஆய்வில், சந்தேகத்துக்குரியவை எனக் குறிக்கப்பட்ட ஸ்கேன்களில் 96 விழுக்காடு புற்றுநோயாக இருக்கவில்லை.

சதை எடுப்பதற்காக 5 மி.மீ. முடிச்சில் ஊசியைச் சரியாகச் செலுத்துவது கடினம். நுரையீரலில் காற்றுக் கசிவு ஏற்படவும் கூடும். ஆகவே அது வளர்கிறதா என்று பார்ப்பதே முறை. விட்டம் 5-இலிருந்து 6.3 மி.மீ. ஆனாலே கன அளவு இரட்டிப்பாகிவிடும் என்பதால், பழைய படத்தோடு புதியதை ஒப்பிடுவது இன்றியமையாதது. ரிப்போர்ட்டை மட்டுமின்றி, ஸ்கேன் குறுந்தகட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் தந்தை கல் தூசியில் உழைத்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கல் தூசியில் உள்ள சிலிக்காவும் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். முன்பு காசநோய் வந்திருந்தால் அதையும் தெரிவியுங்கள். பீடியை இன்றே விடச் செய்யுங்கள். இருமலில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, மாறாத குரல் கம்மல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், ஓராண்டு முடியும்வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.