சுவாமிநாதன் என்பது யார் பெயர்?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய சர்நேமைக் கொண்ட, வெவ்வேறு துறைகளில் சாதித்த ஐந்து பேரைப் பற்றி எழுத வேண்டும். குடும்பப் பெயரின் வரலாறும் வேண்டுமாம். பள்ளிப் பதிவில் சர்நேம் என்ற இடத்தில் என் கணவரின் பெயர் சுவாமிநாதன் இருக்கிறது. அதை வைத்தே தேடி, வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன், உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த சௌம்யா சுவாமிநாதன், செஸ் ஆடும் சௌம்யா சுவாமிநாதன், அரசியல் நிர்ணய சபையில் இருந்த அம்மு சுவாமிநாதன், நாடக ஆசிரியர் கோமல் சுவாமிநாதன் என்று பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறான். "இவங்க எல்லாம் நமக்குச் சொந்தமாம்மா?" என்று கேட்கிறான். லீவுக்குள் அவனுக்குப் பாஸ்போர்ட்டும் எடுக்க வேண்டும். அதிலும் இதே சர்நேம் கட்டம். என்ன போடுவது, காலியாக விடலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: சொந்தமெல்லாம் இல்லை, அதைப் பையனிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அந்த ஐந்து பேரே ஒருவருக்கொருவர் சொந்தமில்லை, ஒரே ஒரு அப்பா-மகள் ஜோடியைத் தவிர. அந்த ஜோடியில்கூட ‘சுவாமிநாதன்’ என்ற சொல் இருவருக்கும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

நான் முப்பது வருடம் நூலகத்தில் கேட்லாக் போட்டவன். ஒரு புத்தகம் வந்தால், ஆசிரியர் பெயரில் எந்தச் சொல்லை முன்னால் வைத்துக் கார்டு எழுதுவது என்பதுதான் எங்கள் தினப்படி வழக்கு. வெள்ளைக்காரர் பெயர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கடைசிச் சொல். நம் ஆட்களுக்கு அது ஓடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஆசிரியரின் இரண்டு புத்தகங்களுக்கான கார்டுகளை இரண்டு இழுப்பறையில் போட்டுவிட்டேன். இங்கே அச்சான புத்தகத்தில் இனிஷியலோடு அவர் பெயர். வெளிநாட்டில் அச்சானதில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போட்டிருந்தார்கள். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இரண்டாவது புத்தகத்தைக் கேட்டு வந்தார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மூன்று இழுப்பறை தள்ளி, ஆசிரியரின் அப்பா பெயரில் அதன் கார்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் ஊர்ப் பெயர்களை அடுக்குவதற்கென்று தனியாக விதி யோசித்தவர். பிறகு வந்த சர்வதேச விதிகளும் ஏறக்குறைய அதே வழிக்குத்தான் வந்தன: குடும்பப் பெயர் இல்லாத தமிழருக்குச் சொந்தப் பெயரை முன்னால் வை, அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் பின்னால் தள்ளு. ‘ராமன், சி.வி.’ என்று கார்டு எழுதும்போது நாங்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது யாருடைய பெயர்?

பையனின் பட்டியலிலும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு அது அவருடைய சொந்தப் பெயர். 1925-ல் கும்பகோணத்தில் பிறந்தவர். எம் என்பது பூர்வீக ஊரான மாங்கொம்பு, கேரளத்தில் குட்டநாட்டுப் பக்கம். எஸ் என்பது அப்பா சாம்பசிவன். (எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கும் அதே இரண்டு எழுத்துதான். ஆனால் எம் மதுரை, எஸ் அவருடைய அம்மா சண்முகவடிவு. இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்கள் இங்கே கோட்டை விடுவார்கள்.) டாக்டர் சௌம்யா, எம்.எஸ்.ஸின் மகள். காசநோய் ஆராய்ச்சியில் பேர் வாங்கி, 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனவர். அவருக்கு அது அப்பா பெயர். அம்மு சுவாமிநாதனுக்கோ அது கணவர் பெயர். சென்னையில் வக்கீலாக இருந்த சுப்பராம சுவாமிநாதனின் மனைவி அவர். அவர்கள் மகள்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் படையில் ராணி ஜான்சி ரெஜிமெண்டுக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி. கல்யாணத்துக்கு முன் அவரும் லட்சுமி சுவாமிநாதன், பிறகு லட்சுமி ஸெகல். கோமல் சுவாமிநாதனுக்குச் சுவாமிநாதன் சொந்தப் பெயர், கோமல் மாயவரம் பக்கத்துக் கிராமம். செஸ் சௌம்யா 2009-ல் உலக ஜூனியர் பெண்கள் பட்டம் வென்றவர். டாக்டரோடு இரண்டு சொல்லும் அப்படியே ஒத்துப்போகிறது, ஆனால் ஆள் வேறு. படத்தை மாற்றி ஒட்டிவிடப் போகிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக ஒரே சொல், ஒருவருக்குத் தன் பெயர், ஒருவருக்கு அப்பா பெயர், இன்னொருவருக்குக் கணவர் பெயர். சார்ட்டில் பெயர், துறை, ஆண்டு என்று மூன்று கட்டம் போட்டிருப்பான். நான்காவதாக ‘இது யார் பெயர்?’ என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். டீச்சர் கேட்ட ‘குடும்பப் பெயரின் வரலாறு’ அந்தக் கட்டத்திலேயே வந்துவிடும். செஸ் சௌம்யாவுக்கு உரிய கட்டத்தை அவனே தேடி நிரப்பட்டும். ஒன்றாவது உழைத்த மாதிரி இருக்க வேண்டாமா? ஆறாவதாக உ.வே.சாமிநாதையரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே பெயர்தான், எழுத்து மட்டும் வேறு. உ என்பது உத்தமதானபுரம், வே என்பது அப்பா வேங்கடசுப்பையர். பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்துக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள்.

இத்தனை பேருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது. அங்கே முருகனுக்குச் சுவாமிநாதன் என்று பெயர். காவிரிக் கரையில் வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை என்பது அந்தத் தலத்தின் கதை. பிள்ளையின் பெருமையைச் சொல்லும் பெயர் இன்று பள்ளிப் பதிவில் அப்பா பெயராக நிற்கிறது!

சரி, நமக்குச் சர்நேம் இல்லாவிட்டால் குடும்பத்தில் பெயர் எப்படித் தொடர்ந்தது? சி.வி.ராமனையும் எஸ்.சந்திரசேகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலுக்கு 1930-ல் ஒரு நோபல், 1983-ல் ஒரு நோபல். ராமனின் அண்ணன் சுப்பிரமணியனின் மகன் சந்திரசேகர். சித்தப்பாவும் அண்ணன் மகனும்! ஆனால் சர்நேம் வைத்துத் தேடினால் இந்த இருவரும் ஒரே பட்டியலில் வரவே மாட்டார்கள். ராமன் என்று தேடினால் கிரிக்கெட் வீரர் டபிள்யூ.வி.ராமன்தான் கூடவே வருவார். ராமனின் ‘சி’ எது தெரியுமா? அப்பா சந்திரசேகர ஐயர். அந்தத் தாத்தாவின் பெயர்தான் பேரனுக்கு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். நம் குடும்பங்களில் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தாவும். சர்நேம் கட்டத்துக்கு இந்தத் தாவல் புரியாது.

முன்பு ஒரே கடைசிச் சொல்லைப் பலர் பகிர்ந்துகொண்டது உண்டு. அது பெரும்பாலும் சாதிப் பெயர். ஆற்காடு இரட்டையர் என்று ராமசாமி முதலியாரும் லட்சுமணசாமி முதலியாரும் இருந்தார்கள். ஒருவர் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவர், மற்றவர் மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 வருடம் துணைவேந்தர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெரியார் தன் பெயரிலிருந்த நாயக்கரை விட்டார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்நாட்டில் இனிஷியலும் பெயரும் மட்டும் நின்றன. நான் இதை நஷ்டமாகப் பார்க்கவில்லை. கேட்லாக் போடுகிறவனுக்குத் தலைவலி கூடியது, அவ்வளவுதான்.

சென்னையிலேயே உண்மையான குடும்பப் பெயர்களும் உண்டு. உலக சாம்பியன் குகேஷின் ‘டி’ அப்பா பெயர் இல்லை. அப்பா பெயர் ரஜினிகாந்த். தொம்மராஜு என்பது தெலுங்குக் குடும்பங்களுக்கு உள்ள வீட்டுப் பெயர். நம் கண்ணெதிரே பிறந்த சர்நேமும் ஒன்று உண்டு. டென்னிஸ் ஆடிய விஜய், ஆனந்த், அசோக் மூவருக்கும் அப்பா ராபர்ட் அமிர்தராஜ். பிள்ளைகள் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ஆனார்கள். விஜயின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ். தாத்தா பெயர் மூன்றாம் தலைமுறைக்கு அப்படியே போனதும் அது குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இன்னொரு டென்னிஸ் வீடு: ராமநாதன் கிருஷ்ணனுக்கு ராமநாதன் அப்பா பெயர், கிருஷ்ணன் சொந்தப் பெயர். மகன் ரமேஷ் கிருஷ்ணனுக்குக் கிருஷ்ணன் அப்பா. அப்பா 1954-லும் மகன் 1979-லும் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார்கள். ஸ்கோர் பலகையில் இரண்டு முறையும் ‘கிருஷ்ணன்’தான்.

இப்போது பாஸ்போர்ட். உங்கள் பையனை அகிலன் என்று வைத்துக்கொள்வோம். காலியாக விடாதீர்கள். விண்ணப்பம் காலியாக விட அனுமதிக்கும். தொல்லை பிறகுதான் வரும். அமெரிக்க விசாப் படிவம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று போடச் சொல்கிறது. முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஆசையாக வைத்த பெயர் உள்ள பிள்ளைக்கு இது தேவையா? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது பலர் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

சொந்தப் பெயர் கட்டத்தில் அகிலன், சர்நேம் கட்டத்தில் சுவாமிநாதன் என்று போடுங்கள். இனிஷியல் வேண்டாம், ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்து போட அங்கே இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து, படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். 44 எழுத்தாக இரண்டு வரி ஓடும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அப்புறம் சர்நேம், பிறகு இரண்டு அம்புக்குறி, அதன் பின் சொந்தப் பெயர். விமான நிலையத்தில் மெஷின் படிப்பது இதைத்தான். டிக்கெட் எடுக்கும்போதும் இதே பிரிவில் பெயர் இருக்கட்டும். இனிஷியலைச் சேர்த்து ‘எஸ் அகிலன்’ என்று புக் செய்துவிட்டு கவுண்டரில் வாதாட வேண்டாம்.

அகிலனைச் சர்நேமாகவும் சுவாமிநாதனை முன்னாலும் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். நூலகக்காரனாக எனக்கு அதுதான் பிடித்த முறை. உலக செஸ் பட்டியலில் ஆனந்த் அப்படித்தான் இருக்கிறார், ஆனந்த் முதலில், விஸ்வநாதன் பின்னால். (அப்படியும் உலகம் அவரைச் செல்லமாகக் கூப்பிடுவது ‘விஷி’ என்றுதான். அப்பா பெயரைச் சுருக்கி!) ஆனால் உங்கள் பையனுக்குப் பள்ளிப் பதிவில் ஏற்கெனவே அகிலன் சுவாமிநாதன் என்று ஏறிவிட்டது. ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு மூன்றும் ஒரு பக்கம் பார்க்க, பாஸ்போர்ட் மட்டும் வேறு பக்கம் பார்த்தால் கல்லூரிக்குப் போகும்போது அலைச்சல் உங்களுக்குத்தான்.

எழுத்துக்கூட்டலையும் பார்த்துவிடுங்கள். சுவாமிநாதன், ஸ்வாமிநாதன், சாமிநாதன் என்று மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். உங்கள் கணவரின் பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துகளோ, பையனுடையதிலும் அதே எழுத்துகள் வர வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு மாதிரி இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், பாஸ்போர்ட் அப்புறம். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது 18 வயது, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். உங்கள் சர்நேம் உங்கள் அப்பா பெயராக இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. பையனோடு தனியாகப் பயணம் போகும்போது அவனுடைய பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சர்நேமும் அவன் சர்நேமும் ஏன் வேறு என்று குடியேற்ற அதிகாரி கேட்டால் அதைக் காட்டினால் போதும்.