பழைய லேண்ட் ரோவர்மேல் ஏன் இத்தனை பிரியம்?

பழைய லேண்ட் ரோவர், ஜீப் வைத்திருந்தவர்கள் விற்று வருஷங்கள் ஆன பிறகும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது என்பது கேள்வி.

சொகுசு நிச்சயம் இல்லை. பவர் ஸ்டீயரிங் கிடையாது, மழையில் கதவிடுக்கு ஒழுகும், வேகமெடுத்தால் பக்கத்து சீட்காரரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஆனால் வண்டி செய்கிற ஒவ்வொரு வேலையும் ஓட்டுகிறவரின் கைக்கும் காலுக்கும் தெரியும். பிரியம் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. 1958-ல் வந்த லேண்ட் ரோவர் சீரீஸ் 2, பின்னால் வந்த 2ஏ இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதல் இரண்டு கியருக்கு, பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோமெஷ் இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க டபுள் கிளட்ச்: கிளட்ச்சை மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி மிதித்து இரண்டாவது. தட்டு சரியாக விழுந்தால் லீவர் தானே உள்ளே போகும். குறைந்தால் கியர் பெட்டி நறநறவென்று பல்லைக் கடிக்கும். இது கைவந்த அன்றைக்கு வருகிற சந்தோஷம் ஆட்டோமேட்டிக் வண்டிக்காரருக்குப் புரியாது.

மஞ்சள் குமிழை அழுத்தினால் எஞ்ஜினின் இழுவை நான்கு சக்கரத்துக்கும் போகும், ஓட்டத்திலேயே போடலாம். சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னால் இழுத்தால் லோ, அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் வரிசை; அது வண்டி நின்ற பிறகுதான். செங்குத்தான இறக்கத்தில் லோ முதல் கியர் போட்டு, கிளட்ச், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். எஞ்ஜினே பிடித்து, நடக்கிற வேகத்தில் இறக்கிவிடும்.

முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாததால் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தில் ஓட்டக்கூடாது. திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்றும். மண்ணில் அது வழுக்கிச் சரியாகிவிடும், தாரில் சக்கரங்களைச் சுற்றும் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி நிற்கும். இரண்டு சக்கரத்துக்குத் திரும்ப லீவரை லோவுக்குக் கொண்டுபோய் மறுபடி வழக்கமான வரிசையான ஹைக்குத் தள்ளினால் மஞ்சள் குமிழ் எழும்ப வேண்டும். எழும்பவில்லையா, சுத்தியலைத் தேடாதீர்கள். ரிவர்ஸில் நேராகச் சில அடி போங்கள், முறுக்கு அவிழும்.

பலவீனம் பின் ஆக்ஸில் ஷாஃப்ட். லோவில் சக்கரம் பாறைக்கு இடையே சிக்கியிருக்கும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முறிவது அதுதான். ஆற்றைக் கடந்த பிறகு ஆக்ஸிலுக்குள் இருக்கும் டிஃபரென்ஷியலின் ஆயில் பால் விட்ட காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; முதலில் ஆக்ஸிலின் காற்றுத் துளையான பிரீதரைப் பாருங்கள்: அது அடைத்திருக்கையில் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

2286 சிசி பெட்ரோல் எஞ்ஜினுக்கு, தீப்பொறியை உண்டாக்கத் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயின்ட்டின் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறியின் டைமிங் பின்தங்கும், வண்டி சூடாகி இழுவை விடும். கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் இதைப் பார்ப்பது புத்திசாலித்தனம். வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கிற பாகத்துக்கும் நடுவே விடும் டேப்பட் இடைவெளி 0.25 மில்லிமீட்டர். எட்டு வால்வு என்பதால், திறந்திருக்கும் வால்வு எண்ணும் சரிசெய்யும் வால்வு எண்ணும் சேர்ந்து கூட்டுத்தொகை ஒன்பது: ஒன்றாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கையில் எட்டாவதைச் சரிசெய்யுங்கள், இரண்டு திறந்தால் ஏழு.

வாங்கப் போகிறவர் பளபளக்கும் பாடியில் மயங்க வேண்டாம். அது அலுமினியம், துரு பிடிக்காது, ஆனால் அடிச்சட்டமான சேஸிஸ் இரும்பு. அதன் பின் குறுக்குச் சட்டத்தை (கிராஸ்மெம்பர்) சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் சரி, சொத்தென்றால் உள்ளே அரித்திருக்கிறது.

பேட்டரி படுத்தால் முன்னால் கைப்பிடி செருகிச் சுழற்றலாம். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். சுற்றிப் பிடித்தால், எஞ்ஜின் திருப்பி உதைக்கும்போது கட்டைவிரல்தான் ஒடியும்.